ஜப்பான் பயணம்: 2019 பதிப்பு வழிகாட்டிப் புத்தகம் போதுமா, புத்தகமே தேவையா?

மிளிர்நிலா:
வணக்கம் நண்பர்களே. அடுத்த வசந்தத்தில் குடும்பமாக ஜப்பான் போகிறோம். எங்களுக்கு இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். டோக்கியோ, கியோட்டோ, நேரம் இருந்தால் நடுவில் ஒரு மலையூர். சித்தப்பா 2019-இல் வந்த தடியான வழிகாட்டிப் புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்து "இது ஒன்று போதும்" என்கிறார். தம்பியோ "போன் இருக்கும்போது இந்தச் செங்கல் எதற்கு" என்கிறான். பழையதே போதுமா, புதுப் பதிப்பு வாங்கலாமா, இல்லை புத்தகமே வேண்டாமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

தண்டவாளம்:
2019 பதிப்பா? அதை நம்பி ஒரே ஒரு காரியம் செய்து பாருங்கள், செலவு தெரியும். அந்தக் காலத்து ஜப்பான் புத்தகங்களில் 'கிளம்பும் முன்பே ஜே.ஆர். பாஸ் வாங்கிவிடுங்கள்' என்பதுதான் வழக்கமான யோசனை (ஒரே விலையில் குறிப்பிட்ட நாட்களுக்கு ரயிலில் சுற்ற உதவும் பாஸ் அது). அப்போது அது சரியான யோசனையும்கூட. ஏழு நாள் சாதாரண பாஸ் 30,000 யென்னுக்குள் கிடைத்தது, டோக்கியோவிலிருந்து கியோட்டோ போய்த் திரும்பினாலே கிட்டத்தட்ட 28,000 யென் ஆகிவிடும், கூட ஒரு நாள் பக்கத்து ஊருக்குப் போய் வந்தால் லாபம்தான். 2023 அக்டோபரில் அதே பாஸ் 50,000 யென் ஆனது. தனி டிக்கெட் அந்த அளவுக்கு ஏறவில்லை. ஆக, புத்தகம் சொன்னபடி நல்ல பிள்ளையாக வாங்கினால் தலைக்கு 20,000 யென் தண்டம், குடும்பத்துக்கு எவ்வளவு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் பெட்டி. நீளம் அகலம் உயரம் மூன்றையும் கூட்டி 160 செ.மீ.யைத் தாண்டினால் டோக்கியோ-கியோட்டோ தடத்துப் புல்லட் ரயிலில் பெட்டி வைக்க இடமுள்ள சீட்டை முன்பதிவு செய்ய வேண்டும். 2020 மே மாதம் வந்த விதி, உங்கள் புத்தகத்துக்கு அது தெரியாது. டிஜிட்டல் ஓவியக்கூடம் டீம்லேப் பார்டர்லெஸ் பார்க்க ஆசைப்பட்டால் புத்தகம் உங்களை டோக்கியோவின் ஒடைபா பகுதிக்கு அனுப்பும். அங்கே 2022-இல் மூடிவிட்டார்கள், 2024-இல் அதே நகரத்தின் அசபுதாய் ஹில்ஸில் திறந்தார்கள். இன்னும் சொல்லிக்கொண்டே போகலாம். தம்பி சொல்வதைக் கேளுங்கள்.

ஏட்டுச்சுரைக்காய்:
பழைய புத்தகத்தில் விலை பழசாக இருக்கும் என்பதற்கு இவ்வளவு நீளமா, தண்டவாளம்? விலை பார்க்க யாரும் வழிகாட்டிப் புத்தகம் வாங்குவதில்லை. வாங்கினால் அது அவர்கள் பாடு.

மிளிர்நிலா, புத்தகம் எங்கே கைகொடுக்கும் என்று சொல்கிறேன். ஜப்பானில் அரசு, நகராட்சி அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் திங்கட்கிழமை விடுமுறை. இது பலருக்குத் தெரியும். ஆனால் அந்தத் திங்கள் பொது விடுமுறை நாளாக இருந்தால் அன்று திறந்துவைத்து மறுநாள் செவ்வாய் மூடுவார்கள். இதை நான் புத்தகத்தின் முன்பகுதியில், 'திறக்கும் நேரம்' என்ற பொடி எழுத்துப் பத்தியில் படித்தேன். என்னோடு வந்தவர்கள் போனில் 'திங்கள் விடுமுறை' என்று பார்த்து, செவ்வாய் காலை போகலாம் என்று திட்டம் போட்டு வைத்திருந்தார்கள். மாற்றினோம். அந்த ஒரு வரி ஊர் ஊராகப் பொருந்தும் விதி. ஒவ்வொரு இடமாகத் தேடுகிறவருக்கு அது விதி என்றே தெரியாது.

இன்னொன்று, பெட்டியைப் பற்றி எச்சரித்தீர்களே, அந்தப் பெட்டியை ரயிலில் ஏற்றவே வேண்டாம் என்பது தெரியுமா? விடுதி வரவேற்பு மேசையில் கொடுத்தால் அடுத்த ஊர் விடுதிக்கு, பெரும்பாலும் மறுநாளே, அனுப்பிவிடுகிறார்கள். தக்கியூபின் என்று பெயர். இப்படி ஒரு ஏற்பாடு இருப்பதே தெரியாதவர் அதைக் கூகுளில் என்ன சொல்லித் தேடுவார்?

சும்மா_சுத்துவேன்:
அண்ணே, தக்கியூபின் எல்லாம் ரீல்ஸில் தினமும் வருது. ஜப்பான் என்று ஒரு தடவை தேடினால் போதும், அடுத்த ஒரு மாதம் வேறு எதுவும் கண்ணில் படாது. பெயரிலேயே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று. 😄

ஏட்டுச்சுரைக்காய்:
அந்தப் பெயரை வைத்ததே யாராவது இதைச் சொல்வார்கள் என்றுதான் தம்பி. நீங்கள் கொஞ்சம் தாமதம்.

தண்டவாளம்:
சரி, திங்கள்-செவ்வாய் விஷயம் நல்ல விஷயம், அதை மறுக்கவில்லை. ஆனால் அதே தகவல் அந்தந்த அருங்காட்சியகத்தின் தளத்தில் ஆங்கிலத்திலேயே நாள்காட்டியோடு இருக்கிறது. விதியை மனப்பாடம் செய்து நான் என்ன தேர்வா எழுதப் போகிறேன், நான் போகும் தேதியில் திறந்திருக்கிறதா என்பதுதான் எனக்கு வேண்டும்.

ஜப்பான் ரயில் நிலையத்துக்குள் புத்தக வரைபடத்தை விரித்துப் பார்த்திருக்கிறீர்களா? டோக்கியோவின் ஷிஞ்ஜுகு நிலையத்தில் 200-க்கு மேல் வாசல்கள். புத்தகத்தில் அது கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு சாம்பல் நிறக் கட்டம், சுற்றிலும் எண்கள், எந்த எண் எந்த மட்டத்தில் என்று தெரியாது. கூகுள் மேப்போ எந்த நடைமேடை, எந்தப் பெட்டியில் ஏறினால் இறங்கும்போது படிக்கட்டு பக்கம், எந்த எண் வாசல், கட்டணம் எவ்வளவு என்று எல்லாம் சொல்கிறது. இதற்குப் பிறகும் அச்சடித்த வரைபடத்தைச் சுமக்கிறவர்களைப் பார்த்தால் பக்தி என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

நம்பகத்தன்மை பற்றியும் பேசிவிடுவோம். புத்தகம் எழுதுகிறவர் ஒவ்வொரு இடத்துக்கும் போய்ப் பார்த்துத்தான் எழுதுகிறார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். 2008-இல் லோன்லி பிளானட் என்ற வழிகாட்டிப் பதிப்பகத்துக்கு எழுதிய ஒருவர், கொலம்பியா புத்தகத்தில் தன் பங்கை அந்த நாட்டுக்குப் போகாமலே எழுதியதாக வெளிப்படையாகச் சொன்னார். போய் வருமளவுக்குப் பணம் தரவில்லையாம். உலகம் முழுக்கச் செய்தியாக வந்தது.

கிழக்குவாசல்:
நான் கொஞ்ச காலம் ஒரு பதிப்பகத்தில் பயண நூல்களுக்கு மெய்ப்புப் பார்த்தவள் என்பதால் குறுக்கே வருகிறேன். தண்டவாளம் பாதியைச் சொன்னார். பதிப்பகம் அப்போது சொன்ன பதில், அவருக்குக் கொடுத்த வேலை வரலாற்றுப் பகுதி மட்டும், அதற்கு அங்கே போக வேண்டிய அவசியமில்லை என்பது. அது எவ்வளவு தூரம் சமாதானம், எவ்வளவு தூரம் சமாளிப்பு என்பதை அவரவர் முடிவு செய்யலாம். ஆனால் பணப் பிரச்சினை உண்மை. பல இடங்களில் எழுத்தாளருக்கு மொத்தமாக ஒரு தொகை, அதற்குள் அவர் பயணமும் தங்குமிடமும் அடங்க வேண்டும். அப்படியானால் ஒரு ஊரில் நாற்பது விடுதி இருந்தால் நாற்பதிலும் தூங்கி எழுந்தா எழுதுவார்? வாசலில் நுழைவார், ஒரு அறையைப் பார்ப்பார், கட்டண அட்டையை வாங்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போவார். தெரிந்தே அந்தப் பகுதியைப் படிக்க வேண்டும்.

அப்புறம் கால இடைவெளி. எழுதியவர் ஊர் திரும்பி, கைப்பிரதி வந்து, திருத்தி, வரைபடங்களில் எண்கள் சரிபார்த்து (எங்களைக் கொன்றது இந்த வேலைதான், கடைசி நேரத்தில் ஒரு உணவகம் மூடிவிட்டது என்று செய்தி வந்தால் அந்தப் பக்கத்தின் எண்கள் எல்லாம் நகரும்), அச்சுக்குப் போய், கடைக்கு வருவதற்குள் ஒரு வருடம் சாதாரணமாக ஓடிவிடும். அதன் பிறகு அடுத்த பதிப்பு வரும்வரை அதே புத்தகம் கடையில் இருக்கும். ஆகவே 'புதுப் பதிப்பு' என்று அட்டையில் இருப்பதை விட்டுவிட்டு உள்ளே பதிப்புரிமைப் பக்கத்தில் மாதமும் வருடமும் பாருங்கள்.

இவ்வளவையும் உள்ளிருந்து பார்த்த பிறகும் நான் புத்தகம் வாங்கிக்கொண்டுதான் போகிறேன். தவறு வந்தால் திட்டுவதற்கு ஒரு முகவரி இருக்கிறது. வாசகர் கடிதங்களை நாங்கள் படித்தோம், திருத்தினோம். ரீல்ஸ் போடுகிறவருக்கு அந்தக் கவலை எங்கே?

சும்மா_சுத்துவேன்:
மேடம், ரீல்ஸை விடுங்கள், ரிவியூ இருக்கே? ஒரு எழுத்தாளர் எட்டிப் பார்த்து எழுதியதைவிட ஆயிரம் பேர் தங்கிப் பார்த்து எழுதியது பெரிசு இல்லையா? ஒருத்தர் பொய் சொல்லலாம், ஆயிரம் பேருமா சொல்வாங்க.

ஏட்டுச்சுரைக்காய்:
சொல்வார்கள். 2017-இல் லண்டனில் ஒரு பத்திரிகையாளர் தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையை உணவகம் என்று டிரிப்அட்வைசர் என்ற ரிவியூ தளத்தில் பதிவு செய்து, நண்பர்களை வைத்துப் பொய் ரிவியூ எழுத வைத்து, லண்டனிலேயே முதலிடத்துக்குக் கொண்டுவந்தார். அங்கே அடுப்பே எரியவில்லை, இடம் கேட்டு மட்டும் போன் மேல் போன். அவர் விளையாட்டுக்குச் செய்தார், வியாபாரத்துக்குச் செய்கிறவர்கள் சொல்லிக்கொண்டா செய்வார்கள்?

அப்படியே உண்மையான ஆயிரம் பேர் என்றாலும், அவர்கள் எதற்கு மதிப்பெண் போடுகிறார்கள் என்று படியுங்கள். ஒரு கோயில் தோட்டத்துக்கு ஒரு நட்சத்திரம், காரணம் மழை பெய்ததாம்! வழிகாட்டிப் புத்தகத்தில் ஒரே ஆள் ஒரே கண்ணால் பத்துக் கோயிலைப் பார்த்து, இதில் இரண்டு போதும், மற்றதை நேரம் இருந்தால் பாருங்கள் என்கிறார். அவர் ரசனை எனக்குப் பிடிக்காமல் போகலாம், ஆனால் இரண்டு பக்கம் படித்தால் அது என்ன ரசனை என்று பிடிபட்டுவிடும், அதற்கேற்ப நான் கூட்டிக் கழித்துக்கொள்வேன். ஜெர்மனியில் பேடெக்கர் என்ற வழிகாட்டிப் பதிப்பாளர் 19-ஆம் நூற்றாண்டிலேயே முக்கியமான இடங்களுக்கு நட்சத்திரக் குறி போட ஆரம்பித்தார். கொஞ்ச நாளே கையில் இருப்பவருக்கு எதை விடலாம் என்று சொல்வதுதான் அன்றும் இன்றும் வேலை.

தண்டவாளம்:
அந்த நட்சத்திரத்தின் வினை என்ன? எல்லாரும் அந்த இரண்டு கோயிலில்தான் நிற்கிறார்கள். கியோட்டோவின் ஃபுஷிமி இனாரி ஆலயத்தில் சிவப்பு வாயில்களுக்கு நடுவே ஆள் தலை இல்லாமல் ஒரு படம் எடுக்க விடியற்காலை போக வேண்டியிருக்கிறது. கூட்டத்தை ஒரே இடத்தில் குவித்ததில் இந்தப் புத்தகங்களுக்கும் பங்கு உண்டு.

ஏட்டுச்சுரைக்காய்:
பங்கு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2024 மே மாதம் ஃபுஜிகவகுச்சிகோ என்ற ஊரில் ஒரு கடைக்கு எதிரே கருப்பு வலை கட்டினார்களே, எதற்கு? சாதாரணப் பல்பொருள் கடை, அதன் கூரைக்கு மேலே ஃபுஜி மலை தெரிகிறது, அவ்வளவுதான். அந்தப் படம் எடுக்க வந்தவர்கள் சாலையை மறித்து நின்றதால் 20 மீட்டர் நீளத்துக்கு வலை. அங்கே கூட்டம் சேர்த்தது சமூக ஊடகம்தான். புத்தகம் ஒரு இடத்தைப் பிரபலமாக்க வருடக்கணக்காகும், அதற்குள் ஊரும் சுதாரித்துக்கொள்ளும். போன் ஒரே பருவத்தில் செய்துவிடுகிறது.

கிழக்குவாசல்:
இதில் இரண்டு பேரும் சண்டை போட்டுப் பயனில்லை. காலையில் ஃபுஷிமி இனாரியில் நிற்கும் கூட்டம் பெரும்பாலும் கொஞ்ச தூரத்திலேயே திரும்பிவிடும். மேலே ஏற ஏற ஆள் குறைவு. இது புத்தகத்திலும் இருக்கிறது, போனிலும் இருக்கிறது, யாரும் படிப்பதில்லை.

மிளிர்நிலாவுக்கு ஒரு எச்சரிக்கை. புதிதாக வாங்குவதென்றால் இணையத்தில் மலிவாகக் கண்ணில் பட்டதை வாங்கிவிடாதீர்கள். செயற்கை நுண்ணறிவை (ஏ.ஐ.) வைத்து எழுதிய பயணப் புத்தகங்கள் அமேசானில் குவிந்து கிடப்பதாக 2023-லேயே நியூயார்க் டைம்ஸ் எழுதியது. எழுதியவர் பெயர் இருக்கும், படம் இருக்கும், அப்படி ஒரு ஆள் இருக்க மாட்டார். மாதிரிப் பக்கம் திறந்து பாருங்கள், வரைபடம் இல்லாமல், இடங்களின் பெயர் இல்லாமல், எல்லா ஊருக்கும் பொருந்துகிற வர்ணனை ஓடினால் மூடிவிடுங்கள்.

தண்டவாளம்:
அதைத்தான் நானும் சொல்கிறேன், அச்சில் வந்துவிட்டது என்பதற்காக நம்பக் கூடாது.

மிளிர்நிலா:
எல்லாருக்கும் நன்றி. படிக்கப் படிக்கக் குழப்பம் தீருவதற்குப் பதில் இன்னும் ரெண்டு கிளை விட்டது. 🙂 பழைய புத்தகத்தில் எதைப் படிக்கலாம், எதைத் தொடக் கூடாது என்று மட்டும் சொல்ல முடியுமா? அப்பாவுக்குப் போன் சரிப்பட்டு வராது, அவர் கையில் ஏதாவது அச்சில் இருந்தால் நிம்மதி.

ஏட்டுச்சுரைக்காய்:
வரலாறு, பௌத்தக் கோயிலுக்கும் ஜப்பானின் பூர்வீக மதமான ஷிண்டோவின் ஆலயத்துக்கும் என்ன வேறுபாடு, எங்கே செருப்பைக் கழற்ற வேண்டும், வெந்நீர் ஊற்றுக் குளியலில் இறங்கும் முன் உடம்பைக் கழுவ வேண்டும், ஜப்பான் முகவரியில் தெருப் பெயர் பெரும்பாலும் இருக்காது, வட்டாரமும் தொகுதி எண்ணும் வீட்டு எண்ணும்தான், இதெல்லாம் 2019-இல் எழுதியது இன்றைக்கும் அப்படியே. அப்பாவுக்கு இந்தப் பகுதியைக் கொடுங்கள், விமானத்தில் படித்து முடித்துவிடுவார். எந்த ஊருக்கு எத்தனை நாள் ஒதுக்குவது என்பதற்கும் முன்பகுதியில் இருக்கும் பயணத் திட்டங்கள் நன்றாகவே உதவும்.

தண்டவாளம்:
கட்டணம், பாஸ், விடுதி, உணவகம், பேருந்து நேரம் வரும் பக்கங்களை ஸ்டேப்ளர் போட்டு மூடிவிடுங்கள். விசா பக்கத்தை அறவே படிக்காதீர்கள், தூதரகத்தின் தளத்தில் மட்டும் பாருங்கள். கூடவே மருந்து. சளி மருந்துகளில் சிலவற்றில் இருக்கும் சூடோஎஃபெட்ரின் ஜப்பானில் அளவு மீறினால் அனுமதி இல்லை, அப்பா மாத்திரை எடுப்பவர் என்றால் அவர்களுடைய சுகாதார அமைச்சகத்தின் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் பெட்டி கட்டுங்கள்.

மிளிர்நிலா:
ரொம்ப நன்றி. கடைசியாக ஒன்று, அனிமேஷன் படம் எடுக்கும் ஜிப்லியின் அருங்காட்சியகத்துக்கு நேரே போய் டிக்கெட் வாங்கலாமா? தங்கை அதற்காகத்தான் வருகிறாள்.

ஏட்டுச்சுரைக்காய்:
முடியாது, வாசலில் விற்பதில்லை. ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதி, ஜப்பான் நேரம் காலை 10 மணிக்கு, அடுத்த மாதத்துக்கான டிக்கெட்டை இணையத்தில் திறப்பார்கள். விடுமுறைக் காலம் என்றால் சீக்கிரம் தீர்ந்துவிடும், பத்து மணிக்கே உட்கார்ந்துவிடுங்கள்.

தண்டவாளம்:
இந்தத் தேதி எந்தப் புத்தகத்தில் போட்டிருக்கிறது சார்?

ஏட்டுச்சுரைக்காய்:
அவர்கள் தளத்தில்தான் பார்த்தேன். முன்கூட்டியே வாங்காவிட்டால் உள்ளே விடமாட்டார்கள் என்று சொன்னது புத்தகம்.