தோஃபுவின் மேல் நெளிந்த சீவல்: ஜப்பானில் உள்ளூர் நண்பர்களோடு சாப்பிட்டது, சுற்றியது

மிளகுத்தண்ணி எழுதியது:

ஒசாகா, நம்பா பக்கம் ஒரு இசக்காயா, அதாவது குடித்தபடி பகிர்ந்து சாப்பிடும் கடை. நண்பர்தான் எல்லாருக்கும் சேர்த்துச் சொன்னார். "இதுல கறி இல்ல, மீன் இல்ல, வெறும் தோஃபு" என்று எனக்காகத் தனியாக ஒன்று. அகெதாஷி தோஃபு, பொரித்த சோயாக்கட்டியைச் சாற்றில் வைத்துத் தருவது. கிண்ணம் மேசைக்கு வந்தபோது தோஃபுவின் மேல் கிடந்த பழுப்புச் சீவல்கள் ஆவியில் நெளிந்துகொண்டிருந்தன. ஒன்று சுருண்டது, நிமிர்ந்தது, மறுபடி சுருண்டது. கட்சுவோபுஷி. காய்ந்த சூரை மீனின் சீவல்.

சுட்டிக்காட்டியதும் அவர் முகத்தில் குழப்பம். சீவலை மட்டும் குச்சியால் வழித்துத் தன் தட்டுக்கு மாற்றிக்கொண்டு "இப்ப சரியா?" என்றார். அடியில் நின்ற சாறு அவர் நினைப்பிலேயே இல்லை. அந்த "இப்ப சரியா"வுக்கு என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று இன்னும் பிடிபடவில்லை. சைவக்காரர்கள் அங்கே நண்பர்களோடு உட்காரும்போது எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

அடுப்படி எழுதியது:

உங்கள் நண்பர் மறைக்கவில்லைங்க. அவர் கணக்கில் மீன் என்றால் தட்டில் துண்டாகத் தெரிவது. தாஷி, அதாவது எல்லாச் சமையலுக்கும் அடிப்படையான அந்தச் சாறு, அவருக்குத் தண்ணீர் மாதிரி.

தாஷி எப்படி இறக்குகிறார்கள் என்று பார்த்தால் இது விளங்கும். 1 லிட்டர் தண்ணீரில் 10 கிராம் கோம்பு, அதாவது காய்ந்த கடற்பாசிப் பட்டை. அரை மணி நேரம் ஊறியதும் சிறுதீயில் சூடாக்கி, கொதி வருவதற்கு முன்பே பட்டையை எடுத்துவிட வேண்டும். கொதிக்கவிட்டால் கொழகொழப்பும் கடல் வாடையும் இறங்கிவிடும். பிறகு 20 முதல் 30 கிராம் கட்சுவோபுஷியைப் போட்டு அடுப்பை அணைப்பார்கள். ஓரிரு நிமிடத்தில் சீவல் அடியில் படியும். துணியில் வடித்தால் கிடைப்பது வெளிர் பொன்னிறத் தெளிநீர். மீனின் துகள்கூட அதில் இருக்காது. கோம்புவின் சுவைக்குக் காரணம் குளுட்டமேட் என்று 1908ல் இகேதா கிகுனாயே கண்டறிந்தார். கட்சுவோபுஷியில் இருக்கும் இனோசினேட்டை 1913ல் கொதாமா ஷின்தாரோ கண்டறிந்தார். இரண்டும் சேரும்போது சுவை பல மடங்கு ஏறும். அதனால்தான் சமையல்காரர் ஒன்றை விட்டு இன்னொன்றை மட்டும் வைக்க அவ்வளவு தயங்குகிறார்.

இந்தத் தெளிநீர் எங்கெல்லாம் போகிறது என்று பாருங்கள். மிசோ என்ற புளித்த சோயா விழுதில் செய்யும் சூப், சோபா என்ற பக்வீட் நூடுல்ஸுக்குத் தொட்டுக்கொள்ளும் த்சுயு, மாவில் தோய்த்துப் பொரிக்கும் தெம்புராவுக்கான சாறு, தாஷிமாகி முட்டைச் சுருள், பசலைக்கீரையை அவித்துச் சாற்றில் ஊறவைக்கும் ஒஹிதாஷி, ஒகொனொமியாக்கி என்ற கோஸ் அடையின் மாவு. மேசையில் சோயா சாஸ் போல நிற்கும் குப்பியே சில கடைகளில் தாஷி கலந்த சோயாவாக இருக்கும். பொன்சு என்ற எலுமிச்சை வகைச் சோயா சாஸிலும் பெரும்பாலும் கட்சுவோ உண்டு.

ஆகவே "பெஜிதாரியன்" என்ற ஒரு சொல்லை நம்பாதீர்கள். கறி வேண்டாம் என்கிற அளவில்தான் பலர் அதை எடுத்துக்கொள்வார்கள். வகையைச் சொல்லாமல் பொருளைச் சொல்லுங்கள்: "நிக்கு மோ சகானா மோ தாபெமாசென். கட்சுவோ தாஷி மோ தாபெராரெமாசென்." கறியும் மீனும் சாப்பிடமாட்டேன், கட்சுவோ தாஷியும் ஆகாது என்று பொருள். கூடவே "ஷோஜின் மாதிரி" என்று ஒரு வார்த்தை போட்டால் வயதான சமையல்காரருக்குச் சட்டென்று பிடிபடும். ஷோஜின் என்பது பௌத்த மடத்துச் சமையல். அதில் தாஷி கோம்புவிலும் காய்ந்த ஷீத்தாக்கே காளானிலும் மட்டும்தான். பூண்டு, வெங்காய வகைகளும் கிடையாது.

இன்னொன்று. சங்கிலி உணவகங்களில் ஒவ்வாமை அட்டவணை கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, மீன் குறி இல்லை என்று நிம்மதியாகச் சாப்பிடுகிறவர்கள் உண்டு. பொட்டல உணவுகளில் கட்டாயமாகக் குறிக்க வேண்டியவை முட்டை, பால், கோதுமை, சோபா, நிலக்கடலை, இறால், நண்டு, வால்நட் போன்ற சில மட்டும்தான்; உணவகங்களுக்கு அந்தக் கட்டாயமும் இல்லை. கட்சுவோ அந்தப் பட்டியலிலேயே இல்லை.

பாதிச்சீட்டு எழுதியது:

இவ்வளவு பயமுறுத்த வேண்டியதில்லை. கியோத்தோவில் நான்சென்ஜி கோயில் பக்கம் யுதோஃபு சாப்பிடுங்கள். மண்சட்டியின் மூடியைத் திறந்தால் வெந்நீர், அடியில் ஒரு கோம்புப் பட்டை, நடுவே வெள்ளைத் தோஃபு. வேறு எதுவும் கிடையாது. தோஃபு லேசாக ஆடத் தொடங்கும் நேரத்தில் ஓட்டைக் கரண்டியால் அள்ள வேண்டும், அதற்கு மேல் விட்டால் இறுகிவிடும். அந்த ஆட்டத்தைக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்த நண்பர் "இப்ப" என்று கையைத் தொட்டது அப்படியே நிற்கிறது. சைவத்துக்கு அதைவிடச் சுத்தமான சாப்பாடு இல்லை.

கியோத்தோ வாசி எழுதியது:

பாதிச்சீட்டு, சட்டியைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. தொட்டுக்கொள்ளும் சாற்றை விட்டுவிட்டீர்கள். யுதோஃபுவோடு சிறு குவளையில் வரும் தாரே பெரும்பாலும் சோயாவும் கட்சுவோ தாஷியும் சேர்ந்தது. சட்டி சுத்தம், குவளையில் மீன். "கிஜோயு" என்று கேட்டால் எதுவும் கலக்காத சோயா தருவார்கள். துருவிய இஞ்சியும் உப்பும் போதும் என்றாலும் யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். செட் சாப்பாடாக எடுத்தால் கூட வரும் தெம்புராவையும் மிசோ தடவிய தெங்காக்குவையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும்.

இசக்காயாவில் ஓரளவு நம்பி எடுக்கக்கூடியவை: எதாமாமே என்ற உப்பு போட்டு அவித்த பச்சைச் சோயாக்காய், நல்லெண்ணெய் தெளித்த வெள்ளரி, உப்பு மட்டும் போட்டு அனலில் வாட்டிய ஷிஷிதோ மிளகாய், எரிங்கி காளான், தாமரைத்தண்டு வறுவல். ஹியயாக்கோ என்ற குளிர்ந்த தோஃபுவும் நல்லதுதான். ஆனால் இஞ்சி, வெங்காயத்தாளோடு சீவலும் மேலே தூவித்தான் வரும். சொல்லும்போதே "கட்சுவோபுஷி நாஷி தெ" என்று சேர்த்துவிட வேண்டும். காய்கறி தெம்புராவை உப்பு தொட்டுச் சாப்பிடலாம், இறால் பொரித்த அதே எண்ணெய்தான் என்பதை ஏற்றுக்கொள்ள முடிந்தால்.

பார்வைக்குச் சைவமாக இருந்து ஏமாற்றுபவை வேறு. உருளைக்கிழங்கு சாலட்டில் ஹாம் இருக்கும். நாத்தோ என்ற புளித்த சோயாவோடு வரும் சாஸ் பொட்டலத்தில் கட்சுவோ இருக்கும். காய்கறிக் குழம்புக்கும் போடுகிற ஜப்பானிய மசாலாக் கட்டிகளில் பெரும்பாலும் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ இருக்கும். உமெபோஷி என்ற உப்புப் பழ ஊறுகாய் வைத்த சோற்று உருண்டையான ஒனிகிரியில்கூடக் கட்சுவோ கலந்த வகை உண்டு. ஓர் உபாயம் சொல்கிறேன்: நண்பரிடம் "கட்சுவோ" என்ற சொல்லை அவர்கள் எழுதும் எல்லா வடிவங்களிலும் எழுதி வாங்கிக் கைபேசியில் படமாக வைத்துக்கொள்ளுங்கள். பொட்டலத்தின் பின்னால் அந்த உருவங்களில் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். மொழி தெரிய வேண்டியதில்லை.

நண்பர்களோடு ஒரு வேளையாவது கவலையில்லாமல் சாப்பிட வேண்டுமென்றால் கியோத்தோவின் அராஷியாமாவில் தென்ரியுஜி கோயில் வளாகத்துக்குள்ளேயே ஷிகெத்சு என்ற ஷோஜின் உணவகம் இருக்கிறது. மதியம் மட்டும்தான். தோட்ட நுழைவுக் கட்டணம் தனி. எள்ளும் குட்சு என்ற கொடிக்கிழங்கின் மாவும் சேர்த்துக் கிளறிய கோமாதோஃபுவை அங்கே சாப்பிட்டுப் பாருங்கள். பெயர்தான் தோஃபு, சோயா துளியும் கிடையாது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

சாப்பாட்டைவிட ரசீதில்தான் மனஸ்தாபம் வரும். யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

உட்கார்ந்ததும் கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணம் வரும். ஒதோஷி. ஒசாகா, கியோத்தோ இருக்கும் கன்சாய் பக்கம் த்சுகிதாஷி என்பார்கள். இலவசம் இல்லை, ஆளுக்கு 300 முதல் 500 யென் ரசீதில் ஏறும். அது இடத்துக்கான கட்டணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் இருப்பது பெரும்பாலும் தாஷியில் வெந்த காய், இல்லையென்றால் சிறு மீன். வேண்டாம் என்றால் வைப்பதற்கு முன்னால் சொல்ல வேண்டும். சில கடைகள் ஒப்புக்கொள்ளும், சில ஒப்புக்கொள்ளாது. வைத்தபின் திருப்பினால் பணம் குறையாது, நண்பருக்குத்தான் சங்கடம்.

முதல் சுற்று "தோரியாஎசு நாமா", எல்லாருக்கும் பீர். குடிக்காதவர் அப்போதே "ஊரோன்சா" என்று ஊலாங் தேநீர் சொல்லிவிடலாம், யாரும் வற்புறுத்துவதில்லை. ஆனால் எல்லார் கையிலும் குவளை வந்து "கம்பாய்" சொல்லும்வரை ஒரு மிடறுகூடக் குடிக்கக்கூடாது. பெரியவர் குவளையைவிட உங்கள் குவளையின் விளிம்பு சற்றுத் தாழ்ந்து இருக்கட்டும். தன் குவளைக்குத் தானே ஊற்றிக்கொள்வதில்லை, பக்கத்தில் இருப்பவருக்கு இரண்டு கையாலும் ஊற்றுவார்கள். போதும் என்றால் குவளையை நிறைத்தபடியே விட்டுவிடுங்கள். காலியாக வைத்தால் நிரப்பிக்கொண்டே இருப்பார்கள்.

பணம் வாரிகான், மொத்தத்தைத் தலைக்குச் சமமாகப் பிரிப்பது. நீங்கள் எதாமாமே மட்டும் கொறித்திருந்தாலும் சம பங்குதான். நண்பராகக் குறைத்துச் சொன்னால் வாங்கிக்கொள்ளுங்கள், நீங்களாக வாதாடாதீர்கள். 1,000 யென் நோட்டுகள் ஐந்தாறு கையில் இருக்கட்டும். 10,000 யென் நோட்டை நீட்டினால் மேசை முழுக்கச் சில்லறை தேடும். பணம் கொடுப்பது பெரும்பாலும் வாசல் பக்கம், அதுவும் கையில் கொடுக்காமல் அங்கிருக்கும் தட்டில் வைக்க வேண்டும். டிப் வைத்தால் மறந்துவிட்டுப் போகிறீர்கள் என்று நினைத்துப் பின்னாலேயே ஓடி வந்து கொடுப்பார்கள்.

நொமிஹோதாய் எடுத்தால், அதாவது இவ்வளவு நேரத்துக்கு அளவில்லாமல் குடிக்கலாம் என்றால், பெரும்பாலும் 2 மணி நேரம். கடைசி ஆர்டர் அரை மணி முன்னால் முடிந்துவிடும். மேசையில் உள்ள எல்லாரும் சேர வேண்டும் என்பது பல கடைகளில் விதி. கடைசி ரயில் நள்ளிரவை ஒட்டிப் போய்விடும். அதைத் தவறவிட்டால் டாக்சிதான், இரவு 10 முதல் காலை 5 வரை கட்டணம் 20 சதவீதம் கூடுதல்.

குயவன் எழுதியது:

ரசீதுப் பிசகு மறுநாள் மறந்துபோகும், கணக்குப்பிள்ளை. மறக்காதது வேறு. ஒரு வீட்டில், பாட்டியம்மா தட்டுக்கு நான் குச்சியால் ஒரு துண்டுத் தாமரைத்தண்டை நீட்டும்போது அவர் குச்சியை நீட்ட, குச்சியிலிருந்து குச்சிக்குக் கைமாறப் பார்த்தது. பேச்சு நின்றது. பேரன் மெதுவாக ஒரு சிறு தட்டை நடுவில் நகர்த்தினான்.

தகனத்துக்குப் பின் உறவினர் இருவர் இருவராகக் குச்சியால் எலும்பை எடுத்து அஸ்திக்கலசத்தில் வைப்பார்கள். குச்சிக்குக் குச்சி கைமாறுவது அந்தச் சடங்குக்கு மட்டும் உரியது. சோற்றில் குச்சியைச் செங்குத்தாக நடுவதும் இறந்தவருக்குப் படைக்கும் முறை. பகிர வேண்டுமென்றால் தோரிசாரா என்ற சிறு தட்டில் வையுங்கள், அவர்களாக எடுத்துக்கொள்வார்கள்.

நடைவழி எழுதியது:

சாப்பாட்டிலிருந்து கொஞ்சம் விலகுகிறேன். கியோத்தோவில் மலைமேல் ஏறும் ஷிந்தோ கோயிலான ஃபுஷிமி இனாரிக்கு உள்ளூர் நண்பரோடு போகிறவர்கள் விடியற்காலையில் போங்கள். 24 மணி நேரமும் திறந்திருக்கும், கட்டணம் இல்லை. கியோத்தோ நிலையத்திலிருந்து நாரா பாதையில் இரண்டாவது நிறுத்தம், இறங்கினால் எதிரிலேயே வாசல். மலை 233 மீட்டர்தான். உச்சி வரை போய்த் திரும்ப 2 முதல் 3 மணி நேரம். பாதி வழியில் யொத்சுத்சுஜி சந்திப்பில் ஊர் தெரியும், நேரம் இல்லாதவர் அங்கேயே திரும்பிவிடலாம்.

ஏறும்போது பாதை நெடுக வரிசையாக நிற்கும் தோரி என்ற தோரண வாயில்கள் வெறும் செந்நிறமாகத்தான் இருந்தன. இறங்கும்போது நண்பர் ஒரு தூணில் கை வைத்து, கறுப்பில் பொறித்திருந்ததைப் படித்துச் சொன்னார்: ஒரு கம்பெனியின் பெயர், ஊர், நிறுத்திய மாதம். பெயர்கள் முதுகுப் பக்கத்தில்தான் இருக்கும். தனியாகப் போகிறவர் அதை அலங்கார எழுத்து என்று நினைத்துக் கடந்துவிடுவார்.

கை கழுவும் தெமிசுயாவில் அகப்பையை வலது கையில் பிடித்து இடது கை, மாற்றிப் பிடித்து வலது கை, மறுபடி வலதுக்கு மாற்றி இடது உள்ளங்கையில் ஊற்றி வாய் கொப்பளிக்க வேண்டும். அகப்பையில் வாய் படக்கூடாது. மறுபடி இடது கை. கடைசியில் அகப்பையை நிமிர்த்தி, மிச்சத் தண்ணீர் காம்பு வழியாக ஓடும்படி விட்டால் அடுத்தவருக்குக் காம்பு சுத்தம். இவ்வளவும் ஒரே முகவை நீரில். முதலிலேயே தாராளமாக ஊற்றிவிட்டால் காம்புக்கு மிஞ்சாது. சன்னிதியில் இரண்டு முறை குனிந்து, இரண்டு கைதட்டி, ஒரு முறை குனிய வேண்டும்.

அங்கே விற்கும் இனாரி சுஷி பார்க்கச் சைவம்தான். சோற்றை மூடியிருக்கும் பொரித்த தோஃபுப் பையை அநேகமாகத் தாஷியில்தான் வேகவைத்திருப்பார்கள். தலைப்புக்கு வந்துவிட்டேன்.

அடுப்படி எழுதியது:

மிளகுத்தண்ணி, உங்கள் முதல் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. "இப்ப சரியா?" என்றால்: "மேல இருந்தது போச்சு, நன்றி. அடியில இருக்கிற சாறும் கட்சுவோதான். இதை நீங்க எடுத்துக்குங்க, எனக்குச் சீவல் இல்லாம ஒரு ஹியயாக்கோ சொல்லுங்க." இப்படி மாற்று ஒன்றையும் கூடவே சொல்லிவிட்டால் அவருக்குச் செய்ய ஒரு வேலை கிடைக்கும், குற்ற உணர்ச்சி தங்காது. வேண்டாம் என்று மட்டும் சொன்னால் அன்று முழுக்க உங்கள் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அதைவிட நல்லது, கடை முடிவாவதற்கு முன்பே எழுத்தில் அனுப்பிவிடுவது. பெரிய கூட்டமென்றால் ஒருவர் பொறுப்பெடுத்து ஆளுக்கு 3,000 முதல் 5,000 யென் கோர்ஸ் என்று முன்பதிவு செய்வார். அதில் தட்டுகள் முன்கூட்டியே முடிவானவை, அன்றைக்குச் சொன்னால் பெரும்பாலும் மாற்ற முடியாது. நீங்கள் அனுப்பும் வரியை அவர் அப்படியே தொலைபேசியில் கடைக்காரரிடம் வாசிப்பார். ஆகவே சுருக்கமாக எழுதுங்கள்: கறி இல்லை, மீன் இல்லை, கட்சுவோ தாஷி இல்லை, கோம்பு தாஷி பரவாயில்லை, முட்டை பால் ஆகும் அல்லது ஆகாது. அந்த "பரவாயில்லை" வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் சமையல்காரர் கோம்புவையும் தள்ளிவிட்டு வெறும் சோறும் இலைகளும் அனுப்பிவிடுவார்.