ஸ்டீம் பாய்லர் எந்த அளவு போடுவது? அவசரம்

ஜெர்சி_புதுசு: வணக்கம். செப்டம்பரில்தான் நியூ ஜெர்சியில் வீடு வாங்கினோம், 1920களில் கட்டியது. தண்ணீரைக் கொதிக்கவைத்து நீராவியால் வீட்டைச் சூடாக்கும் பாய்லர் நேற்று இரவு நின்றுவிட்டது. வந்து பார்த்தவர் உள்ளே விரிசல், இனி உதவாது என்கிறார். வெளியே மைனஸ் 9, வீட்டில் எட்டு மாதக் குழந்தை. ஒரு கான்ட்ராக்டர் 2 லட்சம் பி.டி.யூ. (ஒரு மணி நேரத்துக்கான வெப்ப அளவு) வேண்டும் என்கிறார், இன்னொருவர் 1 லட்சமே போதும் என்கிறார். வீடு 1,800 சதுர அடி. நாளைக்குள் முன்பணம் கட்ட வேண்டும். எது சரி?

தெற்குமாசி: ஸ்டீமையே தூக்கிப் போட்டுவிட்டு ஹீட் பம்ப் வையுங்கள். கோடையில் ஏசியும் ஆச்சு.

ஜெர்சி_புதுசு: வீடு வாங்கியதிலேயே கை காலி சார்.

ஸ்காபரோ_அண்ணை: தம்பி, நாங்கள் 89இல் வந்த நேரம் ஒரு பேஸ்மெண்டில் ஏழு பேர், ஜன்னலுக்கு உள்பக்கம் ஐஸ், வேலைக்குப் போகிறவன் கழற்றி வைக்கிற ஜாக்கெட்டை வேலையால் வந்தவன் போட்டுக்கொண்டு படுப்பான். குளிரோடு விளையாடாதேங்கோ. ஃபர்னஸ் பெரிசாகவே போடுங்கோ.

வடைகறி: அண்ணா, ஃபர்னஸ் காற்றைச் சூடாக்குவது, இவர் கேட்பது பாய்லர். ஸ்டீமில் அளவு மீறினால் அழுத்தம் சட்டென ஏறி அணைந்து அணைந்து எரியும். கேஸ் பில்தான் எகிறும்.

கோவை_குளிர்: வீட்டுச் சதுர அடியை 50ஆல் பெருக்குங்கள், முடிந்தது.

தெற்குமாசி: வாங்கும்போது இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தவர் என்ன எழுதினார்? எனக்கு 'பழையது, ஓடுகிறது' என்று ஒரு வரி எழுதிவிட்டு ஐந்நூறு டாலர் வாங்கிக்கொண்டு போனார்.

வடைகறி: ஊரில் மோட்டார் ரிப்பேர் என்றால் அரை மணியில் ஆள் வந்து நிற்பார். இங்கே வாய்ஸ்மெயில்தான் பேசும்.

பழைய_ரேடியேட்டர்: கொஞ்சம் நிறுத்துங்கள். தம்பி, ரேடியேட்டர் (அறைகளில் நீராவி ஏறிச் சூடாகும் இரும்புச் சட்டம்) எத்தனை என்று நீங்கள் சொல்லவே இல்லை. ஸ்டீமுக்கு வீட்டின் அளவு கணக்கே கிடையாது, ரேடியேட்டர்தான் கணக்கு. அத்தனையையும் நிரப்புகிற அளவுக்கு நீராவி வர வேண்டும், அவ்வளவே. ஒவ்வொன்றாகப் போய் உயரத்தை அளந்து, பக்கம் பக்கமாகச் சேர்ந்து நிற்கும் பிரிவுகள் எத்தனை என்று எண்ணுங்கள். பக்கவாட்டில் மூன்று தடித்த தூண் தெரிந்து 38 அங்குல உயரம் இருந்தால் ஒரு பிரிவுக்கு 5 சதுர அடி, இரண்டு தூண் என்றால் 4 (இது வீட்டுத் தரையல்ல, ரேடியேட்டர் வெப்பம் தரும் அளவு). மொத்தத்தை 240ஆல் பெருக்கினால் பி.டி.யூ. பழைய பாய்லரின் தகட்டைப் பார்த்து அதே அளவை வாங்காதீர்கள், அந்தக் காலத்திலேயே தாராளமாகப் போட்டிருப்பார்கள்.

அதுவரை ஒரு சர்க்யூட்டில் ஒரே ஒரு ஹீட்டர், எக்ஸ்டென்ஷன் கார்டு வேண்டாம். கேஸ் அடுப்பைக் குளிர் காய ஏற்றவே ஏற்றாதீர்கள். தண்ணீர்க் குழாய்களைச் சொட்டுச் சொட்டாக விட்டு வையுங்கள், உறைந்து வெடித்தால் அது தனிச் செலவு.

ஜெர்சி_புதுசு: எண்ணிவிட்டேன். எல்லாம் மூன்று தூண், 38 அங்குலம், மொத்தம் 58 பிரிவு. அப்படியானால் 290 சதுர அடி, 69,600 பி.டி.யூ. அப்போ 1 லட்சம் சொன்னவர் சரியா? குழாய்க்கு என்று தனியாகக் கூட்ட வேண்டுமா?

பழைய_ரேடியேட்டர்: கூட்டாதீர்கள். புதிய பாய்லரின் தகட்டில் ஸ்டீம் சதுர அடி என்று போட்டிருக்கும் எண்ணிலேயே குழாய்க்கான 33 சதவீதக் கூடுதலை ஒதுக்கிவிட்டுத்தான் எழுதியிருப்பார்கள். அந்த எண் 290ஐ ஒட்டி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அவருடைய 1 லட்சம் உள்ளே எரிகிற கேஸா, வெளியே வருகிற சூடா என்று கேளுங்கள். எரிகிற கேஸ் என்றால் உங்களுக்குக் கொஞ்சம் குறையும், கடைசி ரேடியேட்டர் சில்லென்று கிடக்கும். 2 லட்சக்காரரை மறந்துவிடுங்கள். பேஸ்மெண்ட் குழாய்களில் பழைய வெள்ளைப் பூச்சு இருந்தால் ஆஸ்பெஸ்டாஸாக (மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் நார்) இருக்கலாம், கை வைக்க வேண்டாம்.

ஜெர்சி_புதுசு: இருவரையும் விட்டுவிட்டேன். மூன்றாவதாக ஒருவர் வந்தார், பேஸ்மெண்டுக்கே போகாமல் டேப்பை எடுத்துக்கொண்டு நேராக மாடிக்கு ஏறினார். அவருக்கே கொடுத்தாகிவிட்டது, வியாழன் வேலை. அதுவரை மூன்று பேரும் ஒரே அறையில்.