எல்லை தாண்டி ஏலத்தோட்டத்திற்குச் செல்வோரின் உடல்நலம்: என்ன வழி?

கேள்வி:
எங்கள் ஊர் உத்தமபாளையம் பக்கம். என் அத்தை உட்படப் பல பெண்கள் விடியுமுன் ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கச் சென்று மாலையில் திரும்புகிறார்கள். மருந்தடித்த மறுநாளே காட்டுக்குள் இறக்கிவிடுவதால் அத்தைக்குத் தலைவலியும் குமட்டலும் கண் மங்கலும் அடிக்கடி வருகின்றன. இங்கே மருத்துவரிடம் காட்டினால், வெயிலில் நின்றிருப்பீர்கள் என்று மாத்திரை தருகிறார்கள். இதற்கு யாரைக் கேட்பது?

பதில் 1:
நான் ஓய்வு பெற்ற மருத்துவர். ஏலத்தில் இலைப்பேனுக்கும் தண்டுத் துளைப்பானுக்கும் அடிக்கும் ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சி மருந்துகள், நரம்புகள் சீராக இயங்கத் தேவையான கோலினெஸ்டரேஸ் என்னும் நொதியை முடக்குகின்றன. அது பழைய அளவுக்குத் திரும்ப வாரக்கணக்கில் ஆகும்; அதற்குள் மீண்டும் மருந்து பட்டால் பாதிப்பு ஏறிக்கொண்டே போகும். மூச்சு வழியாக மட்டுமன்றி, ஈரமான ஏலத் தண்டுகளை விலக்கிச் செடியின் தூரில் குனிந்து பறிப்பவரின் தோல் வழியாகவும் மருந்து உள்ளே செல்கிறது. அதே சேலையுடன் ஜீப்பில் நெருக்கியடித்து வீடு திரும்பும் நேரமும் இதில் சேரும். மருந்து டப்பாவின் லேபிளைக் கைபேசியில் படமெடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள்; கோலினெஸ்டரேஸ் ரத்தப் பரிசோதனை கேளுங்கள்; என்ன வேலை, என்ன மருந்து என்பதைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எச்சில் வழிந்து, வியர்த்து, மூச்சு திணறினால் மலை இறங்கும்வரை காத்திருக்கக் கூடாது. முறிவு மருந்தான அட்ரோபின் ஊசி உடனடியாகத் தேவைப்படும் என்பதால், பக்கத்திலுள்ள கேரள மருத்துவமனைக்கே கொண்டுசெல்ல வேண்டும்.

பதில் 2:
வழக்கறிஞர் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். தொழிலாளர் சட்டம் 'தோட்டம்' என்று கொள்வது 5 ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தைத்தான். அதைவிடச் சிறிய ஏலக்காடுகளில் வேலை செய்வோருக்குத் தோட்டத் தொழிலாளருக்கான மருத்துவ வசதிகளைச் சட்டப்படி கேட்பது கடினம். ஜீப் விபத்து வேறு. விபத்து கேரளத்தில் நடந்திருந்தாலும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவின்படி, பாதிக்கப்பட்டவர் தாம் வசிக்கும் மாவட்டத் தீர்ப்பாயத்திலேயே இழப்பீடு கோரலாம். ஆனால் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய வண்டியில், அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்குத்தான் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2007இல் தீர்ப்பளித்திருக்கிறது. நெருக்கியடித்துப் போவதன் முழு விலையும் அப்போதுதான் தெரியும்.

கேட்டவர்:
நன்றி. லேபிளைப் படமெடுத்தால் கங்காணி நாளை ஜீப்பில் ஏற்றமாட்டார் என்று அத்தை அஞ்சுகிறார்.

பதில் 3:
நான் சிறிய அளவில் ஏலம் வைத்திருப்பவன். அந்த அச்சம் நியாயமானதே. ஆகவே ஒருவர் தனியாகக் கேட்காமல், ஒரு ஜீப்பில் வருவோர் அனைவரும் சேர்ந்து கேட்கட்டும். காய் எடுப்பு சுற்றுச் சுற்றாக நடப்பது. ஒரு சுற்று முடிந்ததும் மருந்தடித்தால் அடுத்த சுற்றுக்குள் போதிய நாள் கிடைக்கும். மறுநாளே ஆளை இறக்குவது திட்டமிடாத முதலாளியின் சோம்பல், வேறொன்றுமில்லை. காய் பழுத்து வெடிக்கும் பருவத்தில் ஆள் வராவிட்டால் நட்டம் எங்களுக்குத்தான் என்பது கங்காணிக்கும் தெரியும்.