இ-டைப் 3.8, கார்வெட் ஸ்டிங் ரே 327: 95 குதிரைத்திறன் எங்கே போகிறது?

மூணு_கார்புரேட்டர்:
1961 ஜாகுவார் இ-டைப்பையும் 1963 கார்வெட் ஸ்டிங் ரேயையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு இடத்தில் எனக்குக் கணக்கு உதைக்கிறது. ஜாகுவாருக்கு 3.8 லிட்டர், ஆறு சிலிண்டர், 265 குதிரைத்திறன். கார்வெட்டுக்கு 5.4 லிட்டர் (327 கன அங்குலம், தலைப்பில் உள்ள 327 அதுதான்) வி8, ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வைத்ததில் 360. ஆனால் இ-டைப்புக்கு உச்ச வேகம் 150 மைல் (241 கிமீ) என்று போட்டிருக்கிறது, கார்வெட் அன்றைய சோதனைகளில் 140 மைலை ஒட்டித்தான் நிற்கிறது. இவ்வளவு சக்தி வைத்துக்கொண்டு ஏன் பின்தங்குகிறது? எடை மட்டும்தான் காரணமா?

வி8_பிரியன்:
எடை கொஞ்சம்தான், ஜாகுவார் நூறு கிலோவுக்கு மேல் இலகு, அவ்வளவே. முதலில் அந்த 150 மைலை அப்படியே நம்ப வேண்டாம். அது பத்திரிகைச் சோதனைக்கென்று பிரத்யேகமாகத் தயார் செய்த வண்டியில் வந்த வேகம், ஷோரூமில் வாங்கியவர்களின் வண்டிகள் பொதுவாக அதைத் தொடவில்லை. குதிரைத்திறனும் இரண்டுக்குமே கிராஸ் கணக்கு, அதாவது ஏர் ஃபில்டர், சைலன்சர் மாதிரி சக்தியைத் தின்னும் சாமான்கள் இல்லாமல் எஞ்சினை மேடையில் ஓட்டி எடுத்தது. சக்கரத்துக்குப் போய்ச் சேருவது இரண்டிலும் குறைவுதான்.

மீதி வித்தியாசம் காற்றும் கடைசிப் பல்சக்கர விகிதமும். இ-டைப்பின் உடலை வரைந்த மால்கம் சேயர் விமானத் துறையிலிருந்து வந்தவர், அந்த நீள மூக்கு அழகுக்காக மட்டும் வரைந்ததில்லை. ஸ்டிங் ரே பார்க்கக் கூர்மையாக இருந்தாலும் வேகம் ஏற ஏற முன்பக்கம் மேலே தூக்கப் பார்க்கும், ஸ்டீயரிங் லேசாகிவிடும். பின் ஆக்ஸிலுக்கோ வாங்குபவர் பல விகிதங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம், 3.70 (சக்கரம் ஒரு சுற்று சுற்ற டிரைவ் ஷாஃப்ட் 3.70 சுற்று) போட்ட வண்டி சீக்கிரம் பாய்ந்துவிட்டு மேலே எஞ்சின் சுற்று எல்லையில் போய் நின்றுவிடும். அதே கார்வெட் 0-60 மைலை 6 நொடிக்குள் முடிக்கிறது, ஜாகுவாருக்கு 7 நொடி பக்கம் ஆகிறது. உங்கள் 95 குதிரைத்திறன் அங்கேதான் போகிறது!

பழைய_டிஸ்க்:
வேகத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், நிற்பதை யாராவது கேட்டீர்களா? இ-டைப்புக்கு முதல் நாளிலிருந்தே நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். கார்வெட்டுக்கு 1965-ல்தான் டிஸ்க் வந்தது, அதுவரை டிரம். இறக்கத்தில் நாலைந்து தடவை அழுத்திப் பிடித்தால் டிரம் சூடாகிப் பிடிப்பு குறையும், அப்போது 360 குதிரைத்திறன் இருப்பதே பயமாகிவிடும். என் மதிப்பில் ஜாகுவார் ஜெயிப்பது இங்கேதான்.

ஆனால் அதன் பின் பிரேக்கைத் தொட்டவர்களுக்குத் தெரியும் வேதனை. டிஸ்க் சக்கரத்தில் இல்லாமல் உள்ளே டிஃபரன்ஷியலை (பின் சக்கரங்களுக்கு நடுவே சக்தியைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) ஒட்டி இருக்கும், அந்தச் சூட்டில் ஆயில் சீல் வெந்து எண்ணெய் டிஸ்க்கிலேயே கசியும். சரியாகப் பார்க்க வேண்டுமென்றால் பின் சஸ்பென்ஷனை அப்படியே கீழே இறக்க வேண்டும். வாங்கும் எண்ணம் இருந்தால் முதலில் அங்கே குனிந்து பாருங்கள்.

நாலாவது_கியர்:
கியர்பாக்ஸை விட்டுவிட்டீர்களே. 3.8 இ-டைப்பின் மாஸ் (தயாரித்த கம்பெனி பெயர்) கியர்பாக்ஸில் முதல் கியருக்கு சிங்க்ரோ, அதாவது கியர் உரசாமல் விழ உதவும் அமைப்பு, கிடையாது, மாற்றுவதும் மெதுவாகத்தான். கார்வெட்டின் நாலு கியர் பெட்டியில் எல்லா முன் கியருக்கும் சிங்க்ரோ உண்டு, கைக்குச் சட்டென்று விழும். 1964 கடைசியில் 4.2 எஞ்சினோடுதான் ஜாகுவார் இதைச் சரி செய்தது. குதிரைத்திறன் அதே 265 என்றார்கள், ஆனால் இழுவிசை கூடியது, சீட்டும் பிரேக்கும் தேறின.

மூணு_கார்புரேட்டர்:
அப்படியானால் நான் தப்பான ஜோடியைப் பிடித்திருக்கிறேன். 4.2 இ-டைப்பையும் டிஸ்க் பிரேக் வந்த 1965 கார்வெட்டையும்தான் ஒப்பிட வேண்டும், இன்ஜெக்‌ஷன் 327 அந்த வருடம் 375 குதிரைத்திறன் என்று வேறு போட்டிருக்கிறது. @வி8_பிரியன், இந்த ஜோடியிலாவது கார்வெட்டுக்கு 3.70-க்குப் பதில் உச்ச வேகத்துக்கு ஏற்ற 3.08 ஆக்ஸிலை வைத்துக் கணக்குப் போடுவோமா?

வி8_பிரியன்:
போடுவோம். ஆனால் அதே வருடம் வந்த 6.5 லிட்டர் 396-ஐ உள்ளே இழுக்காதீர்கள், 425 குதிரைத்திறன், மூக்கில் எடை கூடி அது வேறு வண்டியாகிவிடுகிறது.