காலநிலை மாற்றத்தைக் கதைப்படமாகச் சொன்னால் மக்கள் கேட்பார்களா?

கேள்வி (திருவொற்றியூர்): கடலரிப்பைப் பற்றி எங்கள் தெருவில் திரையிட்ட ஆவணப்படத்தில் வரைபடங்கள் வரத் தொடங்கியதும் பலர் எழுந்து போய்விட்டார்கள், அதையே கதைப்படமாக எடுத்தால் மனத்தில் தைக்குமா?

பதில் (காசிமேடு): நிச்சயம் தைக்கும், ஆனால் எந்தக் கதாபாத்திரமும் சொற்பொழிவாற்றக் கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது, என் பெரியப்பா தாராகக் கறுத்திருந்த வலையை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்துப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் சுருட்டித் திண்ணையில் வைத்தார். அதுதான் காட்சி.

பதில் (எண்ணூர்): எண்ணெய்க் கசிவு காலநிலை மாற்றத்தால் வந்ததன்று, கதை அதைக் குழப்பிவிடக் கூடாது. கடல் சூடேறுவதால் காற்றில் ஈரப்பதம் கூடிப் புயல்மழை வலுக்கிறது, வெள்ளம் எண்ணெயை வீடுவரை கொண்டுவருகிறது என்று காட்டுங்கள்.

கேள்வி கேட்டவர்: நன்றி ஐயா. அந்த வலையிலிருந்தே எழுதத் தொடங்குகிறேன்.