நிலுவையில் பங்கு கேட்பவரை நம்பி வழக்கை ஒப்படைக்கலாமா?

சித்தூர்ப் பையன்: என் தந்தையார் இராணுவத்தில் நாயக் பதவியிலிருந்து ஓய்வுபெற்றவர். பணியில் இருந்தபோது வந்த இரத்த அழுத்தத்துக்கு மருத்துவக் குழு 30 விழுக்காடு குறைபாடு எழுதியது. ஆனால் அது பணியால் வந்ததன்று என்று கூறி ஊன ஓய்வூதியத்தை மறுத்துவிட்டார்கள். குடியாத்தத்திலிருந்து வரும் ஏஜென்ட் ஒருவர், வழக்கில் வென்றால் வரும் ஓய்வூதிய நிலுவையில் மூன்றில் ஒரு பங்கும், இப்போதே கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையும் கேட்கிறார். சம்மதிக்கலாமா?

காட்பாடி சுபேதார்: சம்மதியுங்கள் தம்பி. முன்பணம் கேட்காமல் சென்னையிலுள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயம் வரை அலைபவருக்குப் பங்கு தருவதில் என்ன குற்றம்? தோற்றால் நட்டம் அவருக்கும்தானே.

பலமனேர் வக்கீல்: குற்றம் இருக்கிறது, ஐயா. வழக்கின் வெற்றியைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும், கிடைக்கும் தொகையில் பங்கு பெறுவதையும் பார் கவுன்சில் விதிகள் வழக்குரைஞருக்குத் தடைசெய்கின்றன. வழக்குரைஞரே கேட்கக் கூடாததை, எந்த ஒழுங்குமுறைக்கும் உட்படாத இடைத்தரகர் கேட்கிறார். வரவேண்டிய ஓய்வூதியத்தை முன்கூட்டியே பிறருக்கு எழுதிக் கொடுப்பதும் 1871ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டப்படி செல்லாது. அதனால்தான் அவர் பத்திரம் கேட்காமல் காசோலை கேட்கிறார் என்பது என் ஊகம்.

காட்பாடி சுபேதார்: சட்டம் சரி, அம்மா. இலவசச் சட்ட உதவி என்று போனால் எந்த வழக்குரைஞர் வருவார் என்பது நம் கையில் இல்லை. கோப்பைப் படிக்காமலே வாய்தா வாங்கிய ஒருவரை நான் பார்த்திருக்கிறேன்.

பலமனேர் வக்கீல்: அந்த அச்சம் நியாயமானது. ஆகவே எந்த வழக்குரைஞரானாலும், கட்டணம் பேசும் முன் அவர் கோப்பைப் படித்திருக்கிறாரா என்று சோதியுங்கள். பணியில் சேரும்போது பதிவாகாத நோய் பின்னர் வந்தால், அது பணியோடு தொடர்பற்றது என்று காட்டும் பொறுப்பு அரசினுடையது என 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. குறைபாடு 20 விழுக்காடு முதல் 50க்குள் இருந்தால் 50 ஆகக் கணக்கிடும் சலுகை, பணிக்காலம் முடித்து ஓய்வுபெற்றவர்களுக்கும் உண்டு என்பது 2014இல் ராம் அவதார் வழக்கில் உறுதியானது. மருத்துவக் குழு அறிக்கையை வாங்கிப் படித்துவிட்டு, இவ்விரண்டும் உங்கள் தந்தையாருக்கு எப்படிப் பொருந்தும் என்று தாமாகவே விளக்குபவரிடம் வக்காலத்துக் கொடுங்கள். மனுதாரர் தாமே வாதாடவும் தீர்ப்பாயச் சட்டம் இடம் தருகிறது.

சித்தூர்ப் பையன்: ஏஜென்ட் அந்த அறிக்கையைக் கேட்கவே இல்லை, அக்கா, ஓய்வூதியம் வரும் வங்கிக் கணக்கின் எண்ணைத்தான் முதலில் கேட்டார்.

காட்பாடி சுபேதார்: அப்படியென்றால் இந்த ஆள் வேண்டாம். ஆனாலும் பங்குக்கு உழைப்பவர் எல்லாரையும் திருடர் என்று நான் சொல்ல மாட்டேன்.