புதுப்பிப்பு: விண்டோஸ் 11க்கு மாறியதும் விழுந்த மென்பொருள் சரிவந்துவிட்டது

கல்முனைக் கடைக் கணினியை விண்டோஸ் 11க்கு மாற்றிய பிறகு கல்யாணக் கார்டு வடிவமைக்கும் மென்பொருள் திறந்ததுமே மூடிக்கொள்கிறது என்று போன கிழமை எழுதியிருந்தேன். மென்பொருளை இரண்டு தரம் அழித்துத் திரும்பப் போட்டது வீண் வேலை. ஈவென்ட் வியூவரில் (விண்டோஸ் பிழைகளைப் பதிந்து காட்டும் இடம்) பார்த்தால் ஒவ்வொரு தரமும் பழைய பிரிண்டர் டிரைவரின் (பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) கோப்பு ஒன்றுதான் பிழையாகக் காட்டியது. இந்த மாதிரி மென்பொருள்கள் திறக்கும்போதே பக்க அளவுக்காக டீஃபோல்ட் பிரிண்டரை, அதாவது கணினி தானாகவே எடுக்கும் பிரிண்டரைக் கேட்பதால், அச்சடிக்காமலே விழுந்திருக்கிறது. டீஃபோல்ட்டை பிடிஎஃப் பிரிண்டருக்கு (தாளில் அடிக்காமல் பிடிஎஃப் கோப்பாகச் சேமிப்பது) மாற்றினேன், உடனே திறந்தது! அப்புறம் பழைய டிரைவரை நீக்கிவிட்டுப் புதியதைப் போட்டேன் (பிரிண்டரை மட்டும் நீக்கினால் டிரைவர் உள்ளேயே கிடக்கும், பிரிண்ட் சேர்வர் புரொப்பட்டீஸ் என்ற விண்டோஸ் அமைப்புக்குள் போய் எடுக்கவேண்டும்). விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்ததால் திரும்பிப் போக மனமில்லை. ஈவென்ட் வியூவரைப் பார்க்கச் சொன்ன மட்டக்களப்பு அண்ணாவுக்கு மிக்க நன்றி, நாளைக்குக் கொடுக்கவேண்டிய 300 கார்டும் இப்போது அச்சில் ஓடுகிறது.